நதியா பேரில் வைத்த பிளேட்

சீனியம்மாளின் வலது கணுக்காலுக்குள் ஒரு பிளேட் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பதிவைக் கேட்டால் அது நதியாவின் காலில் இருக்கிறது என்று சொல்லும். நதியாவோ காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கக் குதித்து ஓடுகிறவள். இந்தக் கூத்தைத் திருப்பூர் அருள்புரத்தில் அடுத்த வீட்டில் இருந்துகொண்டு முழுசாகப் பார்த்தவள் நான்.

சீனியம்மாள் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. புருஷன் கேரளாவுக்குத் தார்ரோடு வேலைக்குப் போனான், போனவன் போனவன்தான். கைக்குழந்தை அபிராமியை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, சின்னம்மா மகள் நதியாவோடு திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமையானால் பெட்டிக்கடைக் காயின் போனே கதி. ஒரு ரூபாய் போட்டால் அந்தப் பக்கம் "அம்மா" என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான், பிள்ளை விளையாட ஓடிவிடும். இவள் இன்னொரு காசைப் போடுவாள்.

"ஏங் கண்ணு, அந்தக் காசுக்கு ஒரு பன்னு வாங்கித் தின்னலாமல்லோ?" என்று நான் வைவேன்.

"பன்னு என்னைய அம்மான்னு கூப்பிடுமாக்கா?" என்பாள்.

பிள்ளையை ஜூனில் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்து, தனி ரூம் பிடித்து, பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். அந்த ஒரே நினைப்பில்தான் தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு கம்பெனியை விட்டு, முதலிபாளையத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம், தைக்கிற எண்ணிக்கைக்குக் கூலி என்று பீஸ் ரேட்டுக்குப் போனாள். அங்கே ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று எடுக்கிற ஈ.எஸ்.ஐ. பிடித்தம் கிடையாது, சனிக்கிழமைச் சம்பளம் முழுசாகக் கைக்கு வரும். இங்கே பாதிப் பேர் இப்படித்தான் மாறுவார்கள். அந்தப் பிடித்தம் ஒரு டீ, வடைக் காசுதான். எத்தனை சொன்னேன், கேட்டாளா?

மே மாதக் கடைசியில் ஒருநாள் கரண்ட் போயிருந்தபோது பீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கியிருக்கிறாள். படியில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியில் கால் வழுக்கிக் கணுக்கால் திரும்பிவிட்டது. காண்ட்ராக்டர் ஒரு தனியார் எலும்பு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, கையில் இரண்டாயிரத்தைத் திணித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் போன் எடுக்கவே இல்லை. இரண்டு இடத்தில் முறிவு, ஆபரேஷன் செய்து பிளேட் வைக்க வேண்டும், நாற்பத்தைந்தாயிரம் ஆகும் என்றார்கள். பழைய கம்பெனியிலேயே இருந்திருந்தால் சல்லிக்காசு செலவில்லை, படுத்திருக்கும் நாளுக்குப் பாதிக்குமேல் சம்பளமும் வந்திருக்கும். ரூமுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவள் சேர்த்ததெல்லாம் கால்வாசிக்குக்கூடக் காணாது.

அப்போது நதியா சொன்னாள்: "எங்கிட்ட ஈ.எஸ்.ஐ. கார்டு இருக்குல்லாக்கா. எம் பேருல நீ படு. உம் பேருல நான் தொணைக்கு இருக்கேன்."

கார்டில் ஒட்டியிருந்த போட்டோவில் தண்ணீர் பட்டு முகம் கலங்கிக் கிடந்தது. அது யார் முகமாகவும் இருக்கலாம்.

"அட கெரகமே! மாட்டுனா ரெண்டு பேரும் கம்பி எண்ணோணுமாக்கு!" என்று நான் கத்தினேன்.

"சூன்ல எம்புள்ள வரணும்க்கா" என்று மட்டும் சீனியம்மாள் சொன்னாள்.

ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் நல்லபடியாக ஆபரேஷன் செய்தார்கள், ஒரு குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஊருக்குத் தகவல் சொல்வதற்குள், பள்ளிக்கூடம் திறக்கிறதென்று அண்ணன்காரன் பிள்ளையோடு பஸ் ஏறிவிட்டான். எங்கள் தெருவில் விசாரித்து ஆஸ்பத்திரிக்கே கூட்டி வந்துவிட்டான். வராந்தாவிலேயே நதியா பிள்ளையை மடக்கினாள்.

"ஏட்டி அபி, உள்ள படுத்திருக்கது அம்மாதான். ஆனா சித்தின்னுதான் கூப்பிடணும். என்னையத்தான் அம்மான்னு சொல்லணும். மாத்திச் சொன்னே, நம்மள வெளிய அனுப்பிருவாவ. அம்மா காலு சரியாவாது."

பிள்ளை பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டியது. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இத்தனை வருஷம் காசு போட்டுக் கேட்ட குரல், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்.

நர்ஸம்மா கன்னத்தைக் கிள்ளி, "இவங்க யாருங்க பாப்பா உங்களுக்கு?" என்றார்.

"சித்தி" என்றது பிள்ளை. தடுமாறவே இல்லை.

சீனியம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். வலி போலிருக்கிறது என்று நர்ஸம்மா ஓடிப்போய் ஊசி எடுத்து வந்தார். நான் அங்கே நிற்க மாட்டாமல் டீ வாங்கப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்தபிறகும் அதே கதைதான். வீட்டில் 'அம்மா' என்று கூப்பிட்டுப் பழகினால், செக்கப்புக்குப் போகிற இடத்தில் பிள்ளை வாய் தவறிவிடும். கடைசிச் செக்கப் முடிகிறவரை வாயைக் கட்டிக்கொண்டு இருப்போம் என்று நதியா சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப் போனதும் அவள்தான். ராத்திரி பிள்ளை பக்கத்தில்தான் படுக்கும். தூக்கத்தில் "சித்தி, தண்ணி" என்று கேட்கும். சீனியம்மாள் எழுந்து கொடுப்பாள்.

காலாண்டுப் பரீட்சை சமயத்தில் டாக்டர் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலமே சீனியம்மாள் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். பெல் அடித்ததும் அபிராமி ஓடி வந்து, அவள் காலையே பார்த்துக்கொண்டு நின்றது.

"எல்லாம் முடிஞ்சுட்டு தாயி. இனிமே அம்மான்னே கூப்பிடு" என்றாள் சீனியம்மாள்.

"கூப்பிட்டா மறுபடி காலு ஒடஞ்சிராதா?"

பாவி மகள் நதியா சொன்ன பொய், பிள்ளைக்குள் இப்படி வளர்ந்து நிற்கிறதே!

சீனியம்மாள் அந்த வலது காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஓங்கி மிதித்தாள். வலித்திருக்கும், சிரித்துக்கொண்டே மிதித்தாள். "பாரு, ஒண்ணும் ஆவல. கூப்பிடு."

பிள்ளை காலைப் பார்த்தது, அவள் முகத்தைப் பார்த்தது. வாயைத் திறந்தது, மூடிக்கொண்டது. பிறகு அவள் விரலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னது.

"நாளைக்குக் கூப்பிடுதேன், சித்தி."