வலது தோளில் வந்த வலி

வலி முதலில் வந்தது வலது தோள்பட்டைக்குக் கீழே, முதுகுப் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் தலைமுறையாகப் பெருமாள் பல்லக்கு சுமக்கும் வீட்டில் பிறந்தவனுக்கு அங்கே வலித்தால் காரணம் தேடத் தோன்றாது. சூடான நல்லெண்ணெய்தான் மருந்து.

அப்போது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில், தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றிருந்தேன். எந்த மனு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று ஊருக்கே சொன்னவன், என் வலியை மட்டும் தவறான மேசைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

நெய் மிதக்கும் பொங்கல் சாப்பிட்டால் வலது விலாவுக்கு அடியில் பிடிக்கும், முதுகுக்கு ஏறும், சில மணி நேரம் இருந்துவிட்டுப் போய்விடும். போய்விடுவதுதான் அதன் சூழ்ச்சி.

"ஏன்னா, எண்ணெய்தான் தீர்றது, வலி தீரலையே. டாக்டர்ட்ட போனா என்ன?" என்றாள் மனைவி.

"போனா பல்லக்கைத் தொடாதேம்பார். சித்திரை உற்சவம் முடியட்டும்."

"பெருமாளே உங்க தோளை நம்பித்தான் இருக்கார், பாவம்!"

உற்சவம் நெருங்கியபோது நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளானது, சிறுநீர் காபி டிகாக்ஷன் நிறம். அவள் ஆள் அனுப்பினாள். வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது.

சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டர் விலாவுக்கு அடியில் விரலை அழுத்தி, "மூச்சை நல்லா இழுங்க" என்றார். வலி குத்தி, பாதி மூச்சில் நின்றுவிட்டேன். பித்தப்பையில் (கல்லீரலுக்குக் கீழே பித்தநீர் சேரும் சிறு பை) கற்கள். ஒன்று நழுவிக் குழாயை அடைத்திருந்தது.

"வலிச்சது தோள்ல, டாக்டர்."

"பித்தப்பை வலி அங்கதான் போய்ப் பேசும். இன்னும் தள்ளிப்போட்டிருந்தா விஷம் ரத்தத்துல ஏறியிருக்கும்."

"உற்சவம்?"

"உயிரோட இருந்து பாருங்க, சார்."

வயிற்றைத் திறந்து பையை எடுத்தார்கள். சாண் நீளத் தையல். பாரம் தூக்கினால் குடலிறக்கம் (தையல் தளர்ந்து குடல் பிதுங்குவது) வரும் என்றார்கள். பல்லக்கு இனி இல்லை.

இதே வலியோடு இதைப் படிப்பவர்களுக்கு: கொழுப்பான உணவு சாப்பிட்டபின் இப்படி வலித்தால், வலி தானாக நின்றுவிட்டாலும் மருத்துவரைப் பாருங்கள். வலி போனதால் கல் போனதாகாது. காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ சேர்ந்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள். திருவிழா அடுத்த வருடமும் வரும்.

வந்தது. வாசலில் நின்றேன். என் இடத்தில் மைத்துனன் தோள் கொடுத்திருந்தான். பல்லக்கு எங்கள் வீட்டெதிரே நின்றது. சுமந்த காலமெல்லாம் எனக்கு முன்னால் போகிறவன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். வீதியில் பெருமாள் முகம் நேராகத் தெரிந்தது அன்றுதான்.

"நன்னா சேவிச்சுக்கோங்கோ" என்றாள் மனைவி.

சேவித்தேன். பல்லக்கு மறுபடி எழுந்தபோது, என் வலது தோள் தானாகச் சற்றுத் தாழ்ந்து, வராத பாரத்துக்காகக் காத்திருந்தது.