பளபளத்த மூடி

தேயிலைத் தோட்டத்துத் துரையின் பழைய டீசல் காருக்கு நான்தான் டிரைவர். ஏற்றத்தில் சில மைல் போனதும் இழுவை குறைந்து நின்றுவிடும். சற்று நேரம் கழித்துத் தானாகவே கிளம்பும். ஃபில்டர் மாற்றினேன், குழாயைக் கழற்றி ஊதினேன். காரணம் பிடிபடவில்லை.

அன்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ராமையாவின் மனைவியைப் பிரசவ வலியோடு பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். பெரகல ஏற்றத்தில் கார் மூன்று தடவை நின்றது. கூட வந்த ராமையா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வழியில் வந்த லொறிக்காரர் டீசல் டேங்கின் மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது.

"மூடியில காத்து போற ஓட்டைய யாருங்க அடச்சது? காத்து உள்ள போகாம டீசல் எப்படி எஞ்சினுக்கு இறங்கும்?"

ஊசிமுனை அளவு துளை. அதில் பாலிஷ் வெள்ளையாக இறுகிக் கிடந்தது. துரை கண்ணுக்குப் பளபளக்க வேண்டுமென்று தினமும் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு முன் அந்தப் பித்தளை மூடியைத் தேய்த்தவன் நான்.

"தெரியலீங்க" என்றேன்.

அவர் கம்பியால் குத்திவிட்டார். அதன்பிறகு கார் எங்குமே நிற்கவில்லை. ஆனால் பிள்ளை தங்கவில்லை.

"நீங்க என்னண்ணே செய்வீங்க, வண்டி பழசு" என்றான் ராமையா. நான் தலையாட்டினேன்.

மறுநாள் காலை காரைத் துடைத்தேன். மூடியை மட்டும் அன்றிலிருந்து தொடவில்லை. சில வாரம் கழித்து, அது ஏன் மங்கிக் கிடக்கிறது என்று துரை கேட்டார்.

அதற்கான பதிலை இன்றுதான் எழுதுகிறேன்.