தலைவரின் பட்டமும் லெட்சுமி அக்காவின் நாளும்

போன வாரம் லுக்குட் டவுனில் ஒரு வீட்டு வாசலில், மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகப் பயம். கையில் கோயில் நோட்டீஸ்.

நாங்கள் குடியிருந்து வேலை செய்யும் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழா நோட்டீஸை மூன்று வருடமாக நான்தான் டைப் செய்கிறேன். ஆறாம் ஆண்டோடு படிப்பு முடிந்தவன். கூட்டத்தில் பேசச் சொன்னால் வியர்த்துவிடும். டைப் செய்ய யார் முகத்தையும் பார்க்க வேண்டாமே... ஒப்புக்கொண்டேன்.

நோட்டீஸில் முக்கியம் உபய அட்டவணை. இடது பக்கம் ஐந்து நாள். வலது பக்கம் அந்தந்த நாள் பூசையை ஏற்று நடத்தும் குடும்பம். நான் போடும் முறை சுலபம் — இரண்டே பெட்டி. ஒன்றில் என்டர் தட்டித் தட்டி ஐந்து நாள். மற்றதில் அதேபோல ஐந்து பெயர். நாளுக்கு நேரே பெயர் நிற்கும். போன வருடம் வரை நின்றது.

இந்த வருடம் கோயில் தலைவருக்குக் கௌரவப் பட்டம் கிடைத்தது. முதல் நாள் உபயம் அவருடையது. ராசா டவுனில் இருக்கும் அச்சுக்கடைக்கு அவரே போன் போட்டு, பெயரோடு பட்டத்தையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தார்கள். ஒரு வரிப் பெயர் இரண்டு வரியானது. கீழே இருந்த பெயர்களெல்லாம் ஒரு வரி இறங்கின. நாள்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

மாதிரிப் படி வாட்ஸ்அப்பில் வந்தது. தலைவர் பட்டத்தைப் பார்த்து ஓகே சொன்னார். நானும் பட்டத்தைத்தான் பார்த்தேன். வேறு எதைப் பார்க்கத் தோன்றும்?

நோட்டீஸ் வீடுவீடாகப் போன பிறகு போன் வர ஆரம்பித்தது. பெயர் ஒரு நாள் தள்ளிப்போன நடு நாள்காரர்கள் எல்லாரும் திட்டினார்கள். லெட்சுமி அக்கா மட்டும் போன் செய்யவில்லை. கடைசி நாள் மஞ்சள் நீராட்டு அவர் குடும்பத்து உபயம். அவர் பெயர் எல்லாவற்றுக்கும் கீழே, எந்த நாளும் இல்லாமல் தொங்கியது. அக்கா தோட்டத்தை விட்டு லுக்குட்டுக்குக் குடிபோய் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அவர் வீட்டு வாசலில்தான் அன்று உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவரே வெளியே வந்தார்.

“என்னப்பா, உள்ள வர மாட்டியா? தோட்டத்த விட்டுப் போனவளாச்சேன்னு நாள எடுத்துட்டீங்க. இனி வீட்டுக்கும் வரக்கூடாதா?”

“எடுக்கலக்கா. டைப்பிங்ல எறங்கிருச்சு.”

“சும்மா சொல்லாதலா. பேர எடுத்தா சண்ட வரும். அதான் பேர விட்டுட்டு நாள எடுத்துட்டீங்க. தலைவரு பேரு மட்டும் எறங்கலியே?”

வண்டியை விட்டு இறங்கினேன். நோட்டீஸை மோட்டார் சீட்டில் விரித்தேன். தலைவரின் இரண்டாவது வரியை விரலால் மறைத்து, கீழே இருந்த ஒவ்வொரு பெயரையும் ஒரு வரி மேலே ஏற்றிப் படித்துக் காட்டினேன். கடைசியில் அக்காவின் பெயர் ஐந்தாம் நாளுக்கு நேரே வந்தது.

அக்கா தன் பெயர் மேல் விரலை வைத்தார்.

“அப்ப அவரு பட்டம் நீண்டதுல நான் கீழ விழுந்துட்டேன்.”

“ஆமாக்கா.”

“சரி, புதுசா அடிச்சிக் கொண்டா. அதுவரைக்கும் நான் மஞ்சள் வாங்க மாட்டேன்.”

அச்சுக்கடைக்கார அம்மா சொன்ன வழி இது: “நாளுக்கு ஒரு வரிசை போடுங்கண்ணே. பேரு நீண்டா அந்த வரிசை மட்டும் உயரும். மத்தவங்க நாளு அவங்களோடவே இருக்கும்.” இவ்வளவுதானா? இவ்வளவுதான்.

நேற்று புது நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா கடைசி வரிசையைப் பார்த்தார். உள்ளே போனார். பையோடு வந்து என் பின்னால் ஏறிக்கொண்டார்.

“பசார்ல எறக்கி வுடு. மஞ்சள் வாங்கணும்.”

அடுத்த வருடம் தலைவருக்கு இன்னொரு பட்டம் வரட்டும். அவர் பெட்டிக்குள்ளேயே அவர் வளரட்டும்.