திறந்தே கிடந்த கதவு

கட்சால் தீவில் சுனாமிக்குத் தப்பியதிலிருந்து நான் கதவைச் சாத்தித் தூங்கியதில்லை. ஓட வழி வேண்டுமே! இப்போது குடியிருக்கும் டாலிகஞ்ச் வீட்டில் எல்லாரும் படுக்கும் அறையில் மகன் ஏ.சி. மாட்டிய பிறகும் கதவை ஒரு சாண் திறந்தே வைத்தேன். கரண்ட் பில் எகிறியது. மருமகள்தான் காரணம் என்று எரிந்து விழுந்தேன். அவள் ஏ.சி.யை நிறுத்திவிட்டாள். பேத்தியின் முதுகெல்லாம் வேர்க்குரு.

சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் கதவைப் பார்த்துச் சிரித்தான். "சாச்சா, பூரா டாலிகஞ்சுக்கும் நீங்களே ஏ.சி. போடறீங்களா?"

நான் தலைகுனிந்தேன். மருமகள் மெல்லச் சொன்னாள்: "மாமா பயத்துலதான் திறந்து வைக்கிறாங்க. அதான் நான் ஒண்ணும் சொல்லல."

இப்போது கதவைச் சாத்தி, ஏ.சி.யை இருபத்தாறு டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனையும் சுழலவிடுகிறோம். பில் குறைந்துவிட்டது. தாழ்ப்பாள் மட்டும் போடுவதில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க இன்னும் வாய் வரவில்லை. அவள் இந்தப் பத்திரிகையைத் தவறாமல் படிப்பாள்.