எரியாத ஆசிட்

அழகு நிலையத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் சரவெடி. வாயைத் திறந்தால் ஓயமாட்டாள். ஆனால் ஒருத்தர் முகத்தில் பிரஷை வைத்துவிட்டால் ஆளே வேறு. மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவாள். "கலராகணும்" என்று வந்து உட்காருகிறவர்களிடம், "உங்க கலருக்கு என்ன குறைச்சல்? பருத் தழும்புன்னா சொல்லுங்க, பாக்கறேன். கலருன்னா பெயிண்ட் கடைக்குப் போங்க" என்று பட்டென்று சொல்லிவிடுவாள். அப்படியும் கூட்டம் குறையவில்லை, என்னத்தைச் சொல்ல!

ஊர் முகத்தையெல்லாம் துடைத்துவிட்டவளுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு முகம் பிடிகொடுக்கவில்லை. கணவனின் தங்கை. மூக்குக்கண்ணாடிக் கடையில், பின் அறையில் லென்ஸ் வெட்டுகிற வேலை அவளுக்கு. பருக்கள் வந்து கன்னமெல்லாம் கறுப்பு கறுப்பாகத் தடம் விட்டிருந்தன. போதாக்குறைக்கு வேறு எங்கேயோ போய், மேல்தோலை உரிக்கிற கடுமையான பீலிங் செய்து, இருந்ததையும் இன்னும் கறுக்க வைத்துக்கொண்டாள். இப்போது முதலாளி அவளை முன் கவுண்டருக்குக் கூப்பிடுகிறார். கடையைப் புதுப்பித்துத் திறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள்.

"அங்க சுத்தி சுத்திக் கண்ணாடி அண்ணி. வர்றவங்க மூஞ்சிக்கு நேரா நின்னு பிரேம் மாட்டணும். என்னால முடியாது."

முடியாது என்றாலும் அந்த வேலைக்கு ஆசைப்படுகிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. அண்ணிக்கு மனசு கேட்கவில்லை.

"எங்கிட்ட மாண்டலிக் ஆசிட் இருக்குடி. கசப்பு பாதாம்லேர்ந்து கண்டுபிடிச்சது. அதோட துகள் பெருசு, அதனால தோலுக்குள்ள அடிச்சுப்பிடிச்சு நுழையாது. கதவைத் தட்டிட்டு வர்ற விருந்தாளி மாதிரி மெதுவாத்தான் போகும். நம்ம மாதிரி மாநிறத் தோலுக்கு அதுதான் நல்லது. பருவும் அடங்கும், கறையும் கொஞ்சம் கொஞ்சமா மங்கும்."

அழகு நிலையத்துக்கு வரவழைத்து, முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகே நெற்றியிலிருந்து ஆரம்பித்து முகம் முழுக்கத் தடவினாள். நாத்தனார் கண்ணை இறுக மூடிக்கொண்டு எரிச்சலுக்காகக் காத்திருந்தாள். லேசான குறுகுறுப்பு, அவ்வளவுதான். குளிர்ந்த தண்ணீரில் துடைத்துவிட்டபோது அவள் முகம் தொங்கிப்போயிருந்தது.

அங்கேதான் வினை. எரியாததெல்லாம் மருந்தா, அண்ணி நம்மை மனசு நோகாமல் ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கன்னத்தில் அரக்கித் தேய்த்துவிட்டாள் புண்ணியவதி. மறுநாள் முகம் செக்கச்செவேல் என்று வந்து நின்றாள்.

"அடிப்பாவி! அதை ஊறுகாய் போடுடி, மூஞ்சியில ஏண்டி போட்ட?"

"அதுவும் செடியில காய்ச்சதுதானே அண்ணி? நல்லா எரிஞ்சுது, வேலை செய்யுதுன்னு..."

"எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தமா? அப்ப அடுப்புல மூஞ்சிய வெச்சுக்கோ!"

திட்டிக்கொண்டே ஈரத்துணியை ஒற்றினாள். நாத்தனாருக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. தோல் ஆறும்வரை எதையும் தொடவிடவில்லை அண்ணி. ஆறியபின் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்: அதே பாதாம் ஆசிட், நடுவில் நல்ல இடைவெளி, பகலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் வாசற்படி தாண்டக்கூடாது. புதுப் பருக்கள் வருவது குறைந்தது. கறைகள் ஒவ்வொன்றாக மங்கின. எல்லாம் போய்விடவில்லை, இடது கன்னத்தில் இரண்டு மூன்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தன. முதலாளிக்கு என்ன பதில் சொன்னாள் என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை, கள்ளி.

கடை திறந்த அன்று, வேலைக்குப் போகிற வழியில் அண்ணி எட்டிப் பார்த்தாள். கவுண்டரில் நாத்தனார்! எதிரே பள்ளிக்கூட உடையில் ஒரு பெண், பரு நிறைந்த கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு, கண்ணாடிப் பக்கம் திரும்பவே மாட்டேன் என்று நின்றாள்.

"கையை எடும்மா, பிரேம் சரியா உக்காரணும்ல." நாத்தனார் குனிந்து, தன் இடது கன்னத்தை நல்ல வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள். "இங்க பாரு, எனக்கும்தான் இருக்கு. எங்க அண்ணி பாத்துக்கறாங்க. நல்லா பாரு, எத்தனைன்னு எண்ணிச் சொல்லு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். எண்ணுவதற்காக விரலை நீட்டினாள். கை தானாகக் கன்னத்தை விட்டு இறங்கியது.