படத்தில் இல்லாத குரல்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதம். கோவையில் என் மகள் படித்த பல்கலைக்கழகத்தில் கலை விழா நடந்தது. படம், பேச்சு, ஆட்டம் என்று ஒரு வாரம் முழுக்க ஏதாவது இருக்கும். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அந்த வருஷம் அதில் என் மகள் எடுத்த குறும்படத்தையும் போட்டார்கள். அவள்தான் இல்லை. முந்தின ஐப்பசியில் ஸ்கூட்டியில் போனவள் மீது லாரி மோதி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

நாங்கள் பொள்ளாச்சிக்கு அந்தப்பக்கம். கொஞ்சம் தென்னந்தோப்பு, அதை விட்டால் ஒரே பெண். துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு புத்தி சொல்லி, காபியையும் குடித்துவிட்டுப் போனார்கள். "இன்னும் எத்தனை நாளைக்கு இப்படியே இருப்பீங்க?" என்று கேட்டவர்களும் உண்டு. எத்தனை நாள் என்று அவர்களுக்குத் தெரிந்தால் சொல்லட்டும் என்று நினைத்துக்கொள்வேன். என் கணவர் தோப்புக்குப் போவார், வருவார், அவ்வளவுதான். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை.

மகளின் சிநேகிதி ஒருநாள் போன் செய்தாள். "ஆன்ட்டி, அவ படத்தை விழாவுல போடறோங்க. நீங்களும் அங்கிளும் கட்டாயம் வரணுங்க" என்றாள். இவர் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். எப்படியெல்லாம் சொல்லிச் சம்மதிக்க வைக்கலாம் என்று மனசுக்குள் தயார் செய்துகொண்டுதான் ஆரம்பித்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அதுல அவ பேசறது இருக்குமா?"

அந்தக் கேள்வியின் வலி எனக்குத்தான் தெரியும். அவளுடைய போன் விபத்தில் நசுங்கிப்போனது. எங்கள் போன்களில் அவள் குரல் இல்லை. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் வீடியோ எடுப்பது அவள்தான். அதனால் நாங்கள் எல்லோரும் இருப்போம், அவள் இருக்கமாட்டாள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வீடியோ ஒன்றில் மட்டும் அவள் யாரிடமோ என்னவோ சொல்லிச் சிரிக்கிறாள். வாய் அசைகிறது, கேட்பதெல்லாம் கெட்டிமேளம். அதையே இவர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார். சத்தத்தைக் கூட்டிப் பார்ப்பார், குறைத்துப் பார்ப்பார்.

"அவ எடுத்த படமுங்க, அவ பேசாமயா இருப்பா?" என்று சொல்லிவிட்டேன்.

விழா அன்று சலவை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பி நின்றார். காந்திபுரத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்துப் போனோம். அரங்கத்தில் நல்ல கூட்டம். காலேஜ் பிள்ளைகள், ரிட்டையர் ஆனவர்கள், குழந்தை குட்டியோடு வந்த குடும்பங்கள். எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

படம் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டைப் பற்றியது. அங்கேயே பிழைக்கிறவர்களைப் பற்றியது. ஒரு டீ மாஸ்டர், ஒரு கண்டக்டர், மூட்டை தூக்குகிறவர், மல்லிகைப்பூ கட்டி விற்கும் ஓர் அம்மா. ஒவ்வொருவராக நேரே எங்களைப் பார்த்துப் பேசினார்கள். டீ மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே, "நீ இன்னும் சாப்பிடலியா கண்ணு?" என்று கேட்டார். பதில் வரவேண்டிய இடத்தில் படம் சட்டென்று கண்டக்டரிடம் தாவியது. இவர் சீட்டின் நுனிக்கு வந்து காதைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூட்டை தூக்குகிறவர் சொன்ன ஏதோ ஒன்றுக்கு அரங்கமே சிரித்தது. பூக்கார அம்மா, "எனக்கென்ன கண்ணு, பஸ்ஸேறிப் போறவங்க பூராம் எம்பட சொந்தக்காரங்கதான்" என்றார். அதற்குக் கைதட்டினார்கள். அதோடு படம் முடிந்து அவள் பெயர் வந்தது.

முழுப் படத்திலும் அவள் குரல் ஒரு இடத்தில்கூட இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பெற்றவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதையா காட்டுவார்கள் என்று இருந்தது. இவரைத் திரும்பிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

மேடையில் ஆசிரியர் ஒருவர் படத்தைப் பற்றி நல்லபடியாகப் பேசினார். பிறகு, பெற்றோர் விரும்பினால் இரண்டு வார்த்தை பேசலாம் என்றார். நான் வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் இவர் எழுந்துவிட்டார். மைக்கை வாங்கத் தெரியாமல் வாங்கினார்.

"அவங்கெல்லாம் பதில் சொல்றாங்க. கேட்டது எம் புள்ளதானுங்களே? அவ கேட்டதெல்லாம் எங்கீங்க?"

சண்டைக்குக் கேட்கவில்லை. சந்தையில் பிள்ளையைத் தவறவிட்டவர் விசாரிப்பதுபோலத்தான் கேட்டார். சிநேகிதி ஓடிவந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"அவளேதான் அதையெல்லாம் நீக்கிட்டா அங்கிள். எடுக்கறவங்க குரல் படத்துல வந்தா நல்லாருக்காதுன்னு கேள்வியெல்லாம் வெட்டிட்டா. அவ வாய்ஸ் அவளுக்கே புடிக்காதுங்க. எங்களுக்கு அனுப்புனது இது மட்டுந்தான். வெட்டாதது பூராம் அவ பேக்ல, ஹார்ட் டிஸ்க்ல..." சொல்லும்போதே அழுதுவிட்டாள். விபத்துக்குப் பிறகு அந்தப் பை என்ன கதியில் எங்கள் கைக்கு வந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

"செரீங்க சாமி, நீ அழுகாத" என்று இவர் அவளைத் தேற்றினார். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்காரப் போனார். அவர் தோள் இறங்கியதைப் பார்த்தபோது, இனி இந்த மனுஷன் வீட்டை விட்டு எங்கேயும் வரமாட்டார் என்று நினைத்தேன்.

அப்போது பின்னால் இருந்து ஒரு குரல். "ஏனுங்க, நானு சொல்லலாமுங்களா?"

திரும்பினால் படத்தில் பார்த்த பூக்கார அம்மா. படத்தில் வந்தவர்கள் எல்லோரையும் பிள்ளைகள் விழாவுக்கு அழைத்திருந்தார்களாம். கூட்டத்தைப் பார்த்துக் கூச்சப்பட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டே முன்னால் வந்தார். மைக்கை நீட்டினார்கள். அதை அவர் கவனிக்கவே இல்லை, நேராக எங்களிடம் வந்து நின்றார்.

"வார்த்தைக்கு வார்த்தை நாபகமில்லீங்க. ஆனா அந்தப் புள்ள கேட்டது மனசுல இருக்குதுங்க. கேமராவத் தூக்கிட்டு வந்து நின்னுட்டு, 'அக்கோ...வ், சித்த இந்தப் பக்கம் பாருங்க'ன்னு சொல்லுமுங்க."

குரல் அந்த அம்மாவுடையதுதான், வெற்றிலை போட்டுக் கரகரத்த குரல். ஆனால் அந்த இழுப்பு என் மகளுடையது. வாசல் கேட்டைத் திறக்கும்போதே "அம்மோ...வ்" என்று இழுத்துக்கொண்டு வருவாளே, அதே இழுப்பு. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாரும் ஊருக்குப் போறாங்க, நீங்க மட்டும் இங்கயே உக்காந்திருக்கீங்களே, சங்கட்டமா இருக்காதுங்களான்னு கேட்டுச்சு. அதுக்குத்தான் நானு பஸ்ஸேறிப் போறவங்க பூராம் சொந்தக்காரங்கன்னேன். பொறவு, உனக்கு ஊடு எங்க கண்ணுன்னு நானு திருப்பிக் கேட்டேனுங்க. அது படத்துல வரலீங்க."

"என்னங்க சொன்னா?" என்று இவர் கேட்டார்.

"எங்கப்பா பஸ் ஸ்டாப்புல வண்டிய நிறுத்திப்போட்டுக் காத்துட்டு நிப்பாருங்கக்கா. பஸ்ஸு லேட்டாச்சுன்னா டிரைவரத் திட்டுவாரு, கண்டக்டரத் திட்டுவாரு, என்னைய மட்டும் திட்டமாட்டாருன்னு சொல்லிப்போட்டு அப்படிச் சிரிச்சுதுங்க."

இவர் சிரித்துவிட்டார். ஐப்பசிக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறி, மேல்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பொதுவில் நின்று அழுகிற ஆளில்லை அவர். மகளின் உடலை எடுத்தபோதுகூட விறைத்துப்போய்த்தான் நின்றார்.

துண்டிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இன்னொருக்காச் சொல்லுங்க அம்மணி. அவ கூப்பிட்டதையும் சேத்து."

அந்த அம்மா இன்னொருமுறை சொன்னார், அதே இழுப்போடு. அடுத்த நிகழ்ச்சிக்கு ஒயிலாட்டக் குழு மேடையோரம் தயாராக நின்றிருந்தது. நேரம் ஆகிவிட்டது என்று யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்தப் பெண்கள் குனிந்து, காலில் கட்டியிருந்த சலங்கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவர் சொல்லி முடித்து எங்கள் பக்கத்தில் உட்காரும்வரை ஒரு மணிகூட அசையவில்லை. அவர்களை எனக்கு யார் என்றே தெரியாது. இருந்தாலும் அதை நான் மறக்கவே மாட்டேன்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, "டிரைவரத் திட்டுனது அவளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது புள்ள" என்றார். கிணத்துக்கடவு தாண்டும்வரை அவளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எல்.கே.ஜி.யில் அழுதது, சைக்கிள் பழகி விழுந்தது, எல்லாம். அதுநாள்வரை அவள் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவர்.

அவள் குரல் எங்களுக்குக் கிடைக்கவில்லை, இனிமேல் கிடைக்கப்போவதும் இல்லை. அந்த வலி இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் யார் வீட்டுக்காவது துக்கம் விசாரிக்கப் போனால் நான் புத்தி சொல்வதில்லை. இறந்துபோனவர்கள் என்னிடம் பேசியது ஏதாவது நினைவிருந்தால் அதை மட்டும், அவர்கள் சொன்னபடியே சொல்லிவிட்டு வருகிறேன். என் பெண் இல்லை என்பதை எல்லோரும் எங்களுக்குச் சொல்லிவிட்டார்கள். அவள் இருந்தாள் என்று வந்து சொன்னது அந்தப் பூக்கார அம்மா மட்டும்தான்.