பெல் ஒம்ப்ரில் ஓர் எருதின் முடி காணிக்கை

"எருது படுத்துவிட்டது. வருகிற புதன்கிழமையோடு ஆலை நிற்கிறது. வெட்டுகிற கரும்பை அதற்குள் கொண்டு சேர்க்காவிட்டால் இந்த வருஷத்து உழைப்பு வீண். நீங்கள் நிறையப் படித்தவர். வழி தெரிந்தால் உடனே புறப்பட்டு வாருங்கள்."

என் தங்கை அங்கம்மாள் சொல்லச் சொல்ல அவள் கணவர் ஆறுமுகம் எழுதிய இந்தக் கடிதத்தின் தேதி 1926 நவம்பர் 4, வியாழன். தீவின் தலைநகரான போர்ட் லூயிஸில் நான் வேலை பார்க்கும் துணிக்கடைக்கு அது சனிக்கிழமை வந்து சேர்ந்தது.

நவம்பர் 7, ஞாயிறு. காலை ஏழு மணி ரயிலில் மூன்றாம் வகுப்பில் ஏறினேன். பீனிக்ஸ் வரும்போதே காற்று மாறிவிட்டது. மேட்டுநிலத்துக் கியூர்பீப்பில் மழைத்தூறலும் மூடுபனியும். எதிரே இருந்த கோழி வியாபாரி கூடையைத் தன் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டார். தண்டவாளத்து மேட்டில் கறுப்பு மாடுகள் சில மேய்ந்தன. தேங்காய் நார் மிதியடிபோல நீண்ட முடி. மழைத்தண்ணீர் அதன் நுனியிலேயே சொட்டி விழுந்தது. "கம்பளி போர்த்திய மாடுகள்" என்று குறிப்பேட்டில் எழுதினேன், அதோடு மறந்தேன்.

ரோஸ் பெல்லில் வண்டி மாறி, சூயாக்கில் இறங்கியபோது பதினொன்றரை மணி. வெயில் முகத்தில் அறைந்தது. அழைத்துப்போக மாட்டுவண்டியோடு காத்திருந்தவர் அல்சிட், ஆறுமுகத்தின் பக்கத்து வீட்டுக்காரர். கத்தோலிக்கர், அவருடைய தாத்தா தமிழர். அவரிடம் மிஞ்சியிருந்த தமிழ் முழுவதும் மாட்டுக்குத்தான் செலவாயிற்று. "ஹை, ஹை! போடா மவனே!" என்பார், பிறகு என் பக்கம் திரும்பித் தீவு மொழியான கிரேயோலில் பேசுவார். தங்கை வீடு இருக்கும் கடற்கரை ஊரான பெல் ஒம்ப்ர் அங்கிருந்து ஏறத்தாழ எட்டு மைல். வண்டிக்கூலி என்ன என்று கேட்டேன்.

"உங்கள் மச்சானின் எருதை எழுப்பிக் கொடுங்கள், அதுதான் கூலி" என்றார்.

ஆறுமுகத்துக்கு நிலம் இரண்டு ஆர்ப்பான். நம் கணக்கில் இரண்டு ஏக்கருக்குச் சற்று மேல். பாதிக் கரும்பு ஆலைக்குப் போய்விட்டது, மீதி வெட்டிக் கிடந்தது. எருது கொட்டகையில் நாக்கைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தது. அடர்ந்த முடிக்குள் கைவிட்டுத் தொட்டேன்; சுட்டது. மூச்சு இரைத்தது. நான் படித்திருந்த மாட்டு வைத்தியப் புத்தகத்தில் இந்த மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தன.

"காய்ச்சல்" என்றேன். "காற்றுப் படக் கூடாது. கோணியால் மூடுங்கள், கதவைச் சாத்துங்கள்."

"பாத்தியா, படிச்சவங்க படிச்சவங்கதான்" என்று ஆறுமுகம் மனைவியிடம் சொன்னார். நான் மகிழ்ந்துபோனேன்.

நவம்பர் 8, திங்கள். நண்பகலில் எருது கழுத்தைத் தரையில் நீட்டிவிட்டது. தவிடு வைத்தது வைத்தபடி இருந்தது. அல்சிட் தம் சொந்தக் கரும்பை ஏற்றாமல் நிறுத்திவைத்து, தம் எருதைக் கொண்டு எங்களுக்காக இரண்டு நடை ஓட்டினார். வெள்ளை எருது, திமில் வைத்த இந்திய இனம். அதே வெயிலில் நின்று அமைதியாக அசைபோட்டது. கழுத்துக்குக் கீழே அலைதாடி மடிமடியாகத் தொங்கியது; முடி விரல் நகத்தளவுகூட இல்லை. இதையும் எழுதிக்கொண்டேன். இரண்டு குறிப்புகளையும் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

சாயங்காலம் அங்கம்மாள் தலை குளித்து, கரும்புத் தோட்டத்து மாரியம்மன் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"என்ன வேண்டிக்கிட்டே?" என்றார் ஆறுமுகம்.

"முடி குடுக்கிறதா."

"யாரு முடி?"

"காயலா யாருக்கு? அவனுக்குத்தானே. அவன் முடிதான்."

"மாட்டுக்கு மொட்டையா! ஊரு சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். கரும்பு காஞ்சா ஊரு வந்து அழுவுமா?"

ஆறுமுகம் என்னைப் பார்த்தார். "மச்சான், நீங்களாவது சொல்லுங்க."

நான் கொட்டகைப் பக்கம் திரும்பினேன். என் வைத்தியம் கோணிக்குள் இரைத்துக்கொண்டிருந்தது.

நவம்பர் 9, செவ்வாய். விடிந்ததும் அங்கம்மாள் கோணியை எடுத்து எறிந்தாள். தையல் கத்தரிக்கோலால் கழுத்தில் தொடங்கினாள். நான் கொம்பைப் பிடித்தேன், ஆறுமுகம் முடியைக் கூடையில் சேர்த்தார். ஒன்பது மணிவரை ஆயிற்று. கொத்துக் கொத்தாக விழுந்த அந்த முடியைக் கையில் எடுத்தபோதுதான் கியூர்பீப் மேட்டு மாடுகள் நினைவுக்கு வந்தன.

"மாப்பிள்ளை, இதை எங்கே வாங்கினீங்க?"

"கியூர்பீப்ல. ஜூலை மாசம், நல்ல குளிர்ல. ஏன்?"

ஜூலைதான் இந்தத் தீவில் குளிர்காலம். மேட்டுக் குளிருக்கு வளர்த்த கம்பளியை எருது கடற்கரை வெயிலில் சுமந்திருக்கிறது. போதாததற்கு அதன்மேல் கோணியும் போர்த்தியவன் நான். வெட்கத்தோடு ஒப்புக்கொண்டேன். அங்கம்மாள் சிரிக்கவில்லை.

"அண்ணே, கொம்பைப் புடிச்சது நீங்கதானே. அதுவும் காணிக்கையில சேர்ந்துச்சு" என்றாள்.

மேட்டுப்பள்ளமாகக் கத்தரித்த உடம்பில் மஞ்சள்நீர் தெளித்து, எருதை வேப்பமரத்து நிழலில் காற்றுப்பட நிறுத்தினோம். பகல் முழுவதும் தண்ணீர் ஊற்றினோம். மூன்று மணிக்குத் தவிட்டில் வாய் வைத்தது. அந்நேரம் வந்த அல்சிட் தொப்பியைக் கழற்றி, பாதிரியாரை வணங்குவதுபோல எருதின் முன் குனிந்தார்.

"போன்ஸூர், மோன் பேர்! வணக்கம், சாமியாரே! எப்போது பூசை?"

"நாளைக்குக் காலையில. நீயும் வந்து சேரு" என்றாள் அங்கம்மாள்.

நவம்பர் 10, புதன். நாலரை மணிக்கே இரண்டு வண்டிகளும் புறப்பட்டன. வெயில் ஏறும் முன்பு மொட்டை எருது மூன்று நடை போயிற்று. பத்து மணிக்குத் தானாகவே வண்டி நிழலில் ஒதுங்கி நின்றது, நாங்கள் வற்புறுத்தவில்லை. மூன்றரைக்கு மீண்டும் நுகம் ஏற்றினோம். கடைசி வண்டி ஆலை வாசலைத் தாண்டியபோது என் கடிகாரத்தில் ஐந்து மணி நாற்பது நிமிஷம். ஆறுமுகம் எருதின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நவம்பர் 11, வியாழன். அங்கம்மாள் கூடை முடியை அம்மன் முன் வைத்துக் கும்பிட்டு, ஆற்றின் முகத்துவாரத்தில் விட்டாள். அல்சிட் என்னைச் சூயாக்கில் ஏற்றிவிட்டார். இந்த முறையும் காசு வாங்கவில்லை. தம் கரும்பில் ஒரு வண்டி அளவு காய்ந்துபோனதை அவர் சொல்லவே இல்லை. ஆறுமுகம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கடன்பட்டவர்களில் அவரையே முதலில் எழுதிவைத்திருக்கிறேன்.

திரும்பும் வழியில் கியூர்பீப் மேட்டில் அதே மாடுகள் மழையில் நின்றன. அவற்றின் முடி அங்கே சரியாகத்தான் இருந்தது.

ஒன்று மட்டும் தீரவில்லை. கடற்கரையில் ஒரு கோடையைக் கழித்த எருதுக்கு அடுத்த குளிர்காலத்தில் முடி பழைய நீளம் வளருமா, இடத்தை அறிந்து குட்டையாக வருமா? குட்டையாக வரும் என்றார் அல்சிட்; பிறவிக் குணம் போகாது என்றார் ஆறுமுகம். எப்படி வளர்ந்தாலும் வருஷாவருஷம் காணிக்கை என்று அங்கம்மாள் அம்மனிடம் சொல்லிவிட்டாள். 1927 ஜூலையில் அளந்து எழுதும்படி கேட்டேன். "நல்லாத்தான் இருக்கான், நீங்களே வந்து அளந்துக்குங்க" என்று அங்கம்மாளிடமிருந்து பதில் வந்தது. போக முடியவில்லை. முடியின் நீளம் எனக்கு இன்றுவரை தெரியாது.